வேலி என்றால் எத்தனை ஏக்கர்? துறைசார் அகராதிகள், களஞ்சியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நூல்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை யாரும் படிக்காத நூல்களைப் பற்றி. சொல்லகராதி, கல்வெட்டுச் சொல்லகராதி, வேர்ச்சொல் அகராதி, தாவரக் கையேடு, நாள்கணக்கு அட்டவணை, மாவட்ட விவரச் சுவடி, கலைக்களஞ்சியம். நூலகத்தில் 'குறிப்புதவிப் பிரிவு' என்று பலகை தொங்கும் அறையில் இவை இருக்கும். இலங்கையில் உசாத்துணைப் பகுதி என்பார்கள். வீட்டுக்கு இரவல் தரமாட்டார்கள்.

கைபேசியில் தேடினால் எல்லாம் வருகிறதே. இந்தத் தடித்த புத்தகங்கள் எதற்கு?

ஒரு சோதனை செய்து பாருங்கள். 'ஒரு வேலி நிலம் எத்தனை ஏக்கர்' என்று தேடினால் ஆறரை ஏக்கரையொட்டி ஒரே ஒரு எண் வரும். அது தவறில்லை. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடியைக் குழி என்று கொண்டால் 2,000 குழிக்கு 2,88,000 சதுர அடி வரும். 43,560 ஆல் வகுத்தால் 6.61 ஏக்கர்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சோழர் கல்வெட்டில் வரும் தேவதான நிலத்தை, அதாவது கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, கணக்கிட்டால் கணக்கு கவிழும். கல்வெட்டுகளில் மா எல்லா இடத்திலும் 100 குழி இல்லை. 256 குழி கொண்டது ஒரு மா என்று சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. அங்கே வேலி 5,120 குழி ஆகிவிடும், இரண்டரை மடங்குக்கு மேல். போதாததற்கு அளந்த கோலும் ஊருக்கு ஊர் மாறும். 16 சாண் கோல் என்று கல்வெட்டே சொல்லிவிட்டால் அது நம் அதிர்ஷ்டம்.

எ. சுப்பராயலு தலைமையில் தொகுத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதிகளாக 2002-2003-இல் வெளிவந்தது. அதில் இப்படிப்பட்ட சொல்லைத் தேடினால் பொருளோடு அந்தச் சொல் வரும் கல்வெட்டையும் காட்டுவார்கள். பொதுத் தேடல் ஒரு விடையைத் தருகிறது. துறைநூல் அந்த விடை எந்த ஊருக்கு, எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துத் தருகிறது. இந்த நூல்களின் மதிப்பு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பது கண்ணில் படும். மா என்ற நில அளவைத் தேடப்போனால் அதே பக்கத்தில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு என்ற பின்ன வாய்ப்பாடும் இருக்கும். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. கீழ்வாய் இலக்கத்தின், அதாவது பின்னத்தின், பெயரே நில அளவைக்கும் ஆகியிருப்பதை அங்கேயே பார்த்துவிடலாம். தனியாகத் தேடத் தோன்றியிருக்காது. காணியும் அப்படித்தான். பின்னத்தில் அது எண்பதில் ஒரு பங்கு. சென்னைப் பக்கத்து நில அளவையிலோ காணி என்பது 24 கிரவுண்ட், 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். ஒரு சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை.

இவை ஆய்வாளர்களுக்கு எழுதியவை. எனக்குப் புரியுமா?

புரியும். ஆனால் முன்பக்கங்களைத் தாண்டிவிட்டால் புரியாது. பொது வாசகர் கோட்டைவிடும் இடம் இதுதான்: நேராகச் சொல்லுக்குப் போகிறார், சுருக்கக் குறிகள் மிரட்டுகின்றன, மூடிவிடுகிறார். எந்த நூலானாலும் முதலில் மூன்றைப் பாருங்கள்: முன்னுரையில் எந்தக் காலம், எந்த இடம், எவ்வகைச் சான்று என்று வரையறுத்த பகுதி, சுருக்கக் குறிப் பட்டியல், பதிவு எந்த வரிசையில் அமைந்திருக்கிறது என்ற விளக்கம். சுருக்கக் குறிப் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் குறிகள் பழகிவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ஒரு சொல்லைப் பார்ப்பது எப்படி?

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள். 1939-இல் துணைத் தொகுதி. முதன்மைத் தொகுதிகளில் 1,04,405 சொற்கள், துணைத் தொகுதியையும் சேர்த்தால் 1,17,762. சே. வையாபுரிப்பிள்ளை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தார். இதை முதலில் கற்றுக்கொண்டால் மற்ற அகராதிகள் எளிது.

'படி' என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துக்கூட்டில் பல தலைச்சொற்கள் நிற்கும். ஒவ்வொன்றின் தோளிலும் சின்ன எண். அவை ஒரே சொல்லின் பல பொருள்கள் அல்ல. வெவ்வேறு சொற்கள் என்று பதிப்பாசிரியர்கள் பிரித்திருக்கிறார்கள். வினைச்சொல்லைப் பகுதியோடு தொழிற்பெயர் விகுதி சேர்த்துப் போட்டிருப்பார்கள். 'படி-தல்' என்றால் தூசி படிவது, வண்டல் படிவது. 'படி-த்தல்' என்றால் பாடம் படிப்பது. ஒரு தகர ஒற்றுதான் வித்தியாசம். பொருள் எங்கோ போய்விடும். பக்கத்தில் உள்ள எண் வினை எந்த வாய்பாட்டில் திரிகிறது என்பதைச் சொல்லும். படி-தலுக்கு 4, படி-த்தலுக்கு 11.

அடுத்து ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், அதன்பின் அடைப்புக்குள் ஆதாரம். இந்த அடைப்புக்குறிதான் லெக்சிகனின் உயிர். 'குறள்', 'சிலப்', 'புறநா' என்று இலக்கியப் பெயர் இருந்தால் அந்த இடத்தில் அந்தப் பொருளில் சொல் ஆளப்பட்டிருக்கிறது என்று பொருள். 'திவா', 'பிங்', 'சூடா' என்று மட்டும் இருந்தால் அது திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளில் இருந்து வந்த பொருள். ஆங்கில எழுத்தில் டபிள்யூ என்றிருந்தால் 1862-இல் வந்த வின்சுலோ அகராதி. ஜே என்றிருந்தால் யாழ்ப்பாண வழக்கு.

நிகண்டு மட்டுமே சான்றாக நிற்கும் பொருளை எடுத்து ஒரு பாட்டுக்கு உரை சொல்லாதீர்கள். நிகண்டுகள் மனப்பாடத்துக்காகச் செய்யுளில் அமைந்தவை; ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் அடுக்கும். அந்தப் பொருளில் யாராவது உண்மையில் எழுதினார்களா என்பது தனிக் கேள்வி. இணையத்தில் உலவும் 'வியப்பூட்டும் சொற்பொருள்' பதிவுகளில் பாதி, நிகண்டுப் பொருளை இலக்கியப் பொருளாக எண்ணிக்கொண்டதால் பிறந்தவை.

ஆறு தொகுதியிலும் சொல் இல்லையென்றால் துணைத் தொகுதியையும் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று சொல்லவேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தேடிய சொல் கிடைக்கவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் சொல் அங்கே இருக்கும்; நாம் தவறான கதவைத் தட்டியிருப்போம்.

புணர்ச்சியில் எழுத்து மாறியிருக்கலாம். பொற்குடத்தைப் 'பொன்' என்பதிலும் மட்குடத்தை 'மண்' என்பதிலும் நற்றமிழை 'நல்' என்பதிலும் பிரித்துத் தேடவேண்டும். ர, ல ஆகியவற்றில் தொடங்கும் சொற்களுக்குப் பழைய அகராதிகள் முன்னால் உயிரெழுத்துச் சேர்க்கும்: இராமன், இலாபம், உலோகம், அரங்கம். கிரந்த எழுத்துச் சொற்களை ச, ட, க வடிவங்களிலும் தேடுங்கள்.

அகர வரிசையும் காலை வாரிவிடும். ழ, ள, ற, ன நான்கும் வகரத்துக்குப் பின். 'மழை'யை 'மலை'க்கு அடுத்துத் தேடினால் கிடைக்காது. இடையில் 'மவ' முழுவதும் கிடக்கிறது. புள்ளி வைத்த மெய் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது அகராதிக்கு அகராதி மாறும். புதிய அகராதி ஒன்றைக் கையில் எடுத்ததும் 'அக்கா', 'அகம்' இரண்டில் எது முந்தி வருகிறது என்று பாருங்கள். அந்த நூலின் வரிசை முறை அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

புதிய சொல்லென்றால் லெக்சிகனில் தேடிப் பயனில்லை. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி: 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள். இன்றைய உரைநடையில் சொல் எப்படிப் புழங்குகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டுவது. இலங்கைத் தமிழ் வழக்குகளும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் க்ரியாவை வாங்குங்கள்; லெக்சிகன் இணையத்தில் கிடைக்கிறது.

ஒரு சொல் தமிழா, வடமொழியா என்று எந்த நூலை நம்புவது?

ஒரே நூலை நம்பக்கூடாத கேள்வி இது. லெக்சிகன் வடமொழி மூலம் காட்டுவதில் தாராளமாக இருந்தது என்ற குறை அது வெளிவந்த நாளிலிருந்து உண்டு. அதற்கு மறுமொழியாகவே தேவநேயப் பாவாணர் தலைமையில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் 1974-இல் தொடங்கியது. அது மறுகோடிக்குப் போகும் நூல். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது சுவையானதுதான். தீர்ப்புக்கு அது போதாது.

மூன்றாவதாக பரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி வேண்டும். முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. அகர வரிசையில் எண்ணிட்ட 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லின் உறவுகள் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எனத் தொடங்கிப் பழங்குடி மொழிகள் வழியாகப் பலுச்சிஸ்தானத்தின் பிராகுயி வரை வரிசையாக நிற்கும். 'நீர்' என்பதைப் பார்த்தால் தெலுங்கில் நீரு, பிராகுயியில் தீர். தென்கோடியிலும் வடமேற்கிலும் உறவுச்சொல் இருக்கும்போது, வடமொழியிலும் 'நீர' இருக்கிறதே என்பது வேறு வெளிச்சத்தில் தெரியும். அது திராவிடத்திலிருந்து சென்றது என்பது பரோவின் முடிவு.

இந்த நூலில் தமிழ் எழுத்தே கிடையாது. எல்லாம் குறியிட்ட ரோமன் எழுத்தில். தலைக்கோடு நெடில், எழுத்துக்குக் கீழே வரும் புள்ளி ட, ண, ள ஒலிகள், கீழ்க்கோடு ழ, ற, ன. இதைப் பழகாமல் தேடினால் 'கல்', 'கள்', 'கழல்' எல்லாம் குழம்பும். சொல்லைப் பதிவுகளில் நேரடியாகத் தேடாமல், பின்னால் இருக்கும் தமிழ்ச் சொல்லடைவில் எண்ணைக் கண்டுபிடித்து அந்த எண்ணுக்குப் போவதே வேகமான வழி. இங்கே ஒரு சொல் இல்லை என்பதால் மட்டும் அது வடமொழி ஆகிவிடாது. ஐயமிருந்தால் டர்னர் தொகுத்த இந்தோ-ஆரிய மொழிகளின் ஒப்பீட்டு அகராதியையும் பாருங்கள்.

வீட்டில் ஒரு பழைய பத்திரம் இருக்கிறது. 'விசுவாவசு வருஷம் சித்திரை' என்று மட்டும் தேதி. எந்த ஆண்டு?

வருஷப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும். 2025-இல் பிறந்தது விசுவாவசு. அதற்கு முன் 1965, 1905, 1845. சுழற்சியில் எத்தனையாவது ஆண்டு என்று தெரிந்தால் ஆங்கில ஆண்டு காண எளிய வழி உண்டு. விசுவாவசு 39-ஆவது. 1986, 1926, 1866, 1806 இவற்றோடு 39-ஐக் கூட்டுங்கள். நான்கு விடைகளில் எது என்பதை முத்திரைத்தாள், எழுத்து நடை, ஆள் பெயர் கொண்டு முடிவு செய்யவேண்டும்.

திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பத்திரமென்றால் பெரும்பாலும் கொல்லம் ஆண்டும் இருக்கும். அப்போது வேலை சுலபம். கொல்லம் 1080 என்றிருந்தால் 825-ஐக் கூட்ட 1905. கொல்லம் ஆண்டு அங்கே ஆவணியில் பிறப்பதால், ஆவணியிலிருந்து ஆங்கில ஆண்டு முடியும்வரை உள்ள மாதங்களுக்கு 824-ஐத்தான் கூட்டவேண்டும். சக ஆண்டு கொடுத்திருந்தால் 78. தமிழாண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதை மறந்து, தை, மாசி, பங்குனித் தேதிகளை ஓராண்டு முன்னால் போட்டுவிடுவதுதான் அதிகம் நேரும் பிழை. விசுவாவசு மாசி என்றால் 1906, 1905 அல்ல.

கல்வெட்டென்றால் அறுபதாண்டுப் பெயர்கூட இருக்காது. அரசனின் ஆட்சியாண்டு, கிழமை, திதி, நட்சத்திரம் இவைதான். இதற்காகவே எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கணித்து 1922-இல் பல தொகுதிகளாக வெளியிட்டார். கிழமையும் திதியும் நட்சத்திரமும் ஒன்றாகப் பொருந்தும் நாள் அந்த அரசனின் காலத்துக்குள் சில தடவைதான் வரும். அட்டவணையில் அவற்றைத் தேடிப்பிடிப்பதே முறை. கணினி இல்லாத நாளில் மனிதர் இதைச் செய்திருக்கிறார் என்பது பக்கத்தைப் புரட்டும்போதுதான் உறைக்கும். பொருந்தும் நாளே வராவிட்டால், கல்வெட்டைப் படியெடுத்தவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். வெட்டியவரே பிழை செய்திருக்கவும் கூடும்.

செடி, மரங்களைத் தெரிந்துகொள்ள எந்த நூல்?

கேம்பிள் எழுதத் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915-1936) இன்றும் அடிப்படை. தமிழக சமவெளிக்கு, திருச்சி ரபினட் உலர்தாவரகத்தை (உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) சேர்ந்த கே. எம். மேத்யூவின் தொகுதிகள் (1981-1988) இன்னும் நெருக்கமானவை.

இவை படம் பார்த்துப் பொருத்தும் நூல்கள் அல்ல. இரட்டைக் கேள்விகளாகப் போகும். இலை எதிரெதிரா, மாறிமாறியா? இதழ்கள் இணைந்தவையா, தனித்தனியா? சூலகம் மேலே இருக்கிறதா, கீழேயா? ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னால் அடுத்த எண்ணுக்கு அனுப்பும். பூ இல்லாமல் உட்கார்ந்தால் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள். பூவும் காயும் இருக்கும் கிளையாகப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். ஓரிடத்தில் ஐயம் வந்தால் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு இரு வழியிலும் போய்ப் பாருங்கள். தவறான வழி இரண்டு மூன்று படிகளுக்குள் அபத்தமாகிவிடும்.

பெயர்கள் மாறியிருக்கும். கேம்பிளில் கருவேலம் 'அகேசியா அராபிகா'. பிறகு 'அகேசியா நிலோடிகா' ஆனது, இப்போது 'வச்செலியா நிலோடிகா'. ஆவாரை அன்று 'கேசியா', இன்று 'சென்னா ஆரிகுலேட்டா'. பழைய பெயரை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்து இணையப் பட்டியலில் இட்டால் இன்றைய பெயர் வரும். விவரிப்பு மாறுவதில்லை, மரம் அதேதான்.

நூறாண்டுப் பழைய நூல்கள் காலாவதி ஆகியிருக்காதா?

சில பகுதிகள் ஆகும், சில ஆகா. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச் சுவடி (1906), ஹெமிங்வேயின் தஞ்சாவூர் (1906), பேட்டின் திருநெல்வேலி (1917) ஆகியவற்றில் பாசனம், சந்தை, பஞ்சம், மழையளவு பற்றிய பகுதிகளுக்கு இன்றும் மாற்றில்லை. அதே நூல்கள் மக்களைப் பற்றிச் சொல்வதை ஆட்சியாளர் பார்வை என்று தெரிந்தே படிக்கவேண்டும். தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் இதற்கு நல்ல எச்சரிக்கை. மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதரை வகைப்படுத்தலாம் என்று நம்பியவர் அவர். அதில் உள்ள சடங்கு விவரங்கள் பயன்படும், முடிவுகள் பயன்படா. 'தர்ஸ்டனே சொல்லியிருக்கிறார்' என்று தொடங்கும் சாதிப் பெருமைப் பேச்சைக் கேட்டால், அவர் யாரிடம் கேட்டு எழுதினார் என்று கேளுங்கள்.

தமிழில் கலைக்களஞ்சியங்கள் எப்படி?

யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902-இல் முந்திக்கொண்டது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910. விரிந்த இரண்டாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின் 1934-இல். புராணப் பாத்திரம், வம்சவழி, தலம், புலவர் என்றால் முதலில் இதைத்தான் திறக்கவேண்டும். வரலாற்று ஆண்டுக்காகத் திறக்கக்கூடாது. வழிவழிக் கதையும் வரலாறும் அதில் ஒரே குரலில் பேசும்.

பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954-இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகள். குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968-1976, அதுவும் பத்து. முதல் தொகுதி வந்தபோது 1956-இன் மாநிலப் பிரிப்பே நடக்கவில்லை, ஆகவே ஊர், மக்கள்தொகை எண்களை விட்டுவிடுங்கள். அறிவியலைத் தமிழில் எப்படிச் சொல்லிப் பழகினார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இணையத்தில் எங்கே கிடைக்கும்? படிக்கும்போது என்ன இடர்?

லெக்சிகன், வின்சுலோ, திராவிட வேர்ச்சொல் அகராதி மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் தேடும் வசதியோடு உள்ளன. கலைக்களஞ்சியங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில். இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம்.

படமெடுத்த பழைய நூல்களில் தேடல்பெட்டியை நம்பவேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களைக் கணினி தவறாகப் படிக்கும். காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். 'பாரம்' என்று தேடினால் 'பரரம்' என்று பதிவாகியிருக்கும். அகர வரிசைப்படி பக்கத்தைத் தள்ளித் தேடுவதே நிச்சயம். மிகப் பழைய பதிப்புகளில் பக்க எண்ணும் பாட்டெண்ணும் தமிழிலக்கத்தில் இருக்கும்: க 1, உ 2, ௩ 3, ச 4, ரு 5, சு 6, எ 7, அ 8, கூ 9, ய 10. 'கஉ' என்பது அச்சுப்பிழை அல்ல, 12.

பழைய பிரதி வாங்கலாமா?

வாங்கலாம், எண்ணிப் பார்த்து. லெக்சிகனின் பக்க எண் தொகுதிக்குத் தொகுதி தொடர்ந்து ஓடும். ஒரு தொகுதியின் கடைசிப் பக்கமும் அடுத்ததன் முதல் பக்கமும் ஒட்டவில்லையென்றால் இடையில் ஏதோ குறைகிறது. மறுபடி பைண்டிங் செய்த பிரதியில், சுருக்கக் குறிப் பட்டியலைப் பைண்டிங் செய்தவர் கழித்துப் போட்டிருப்பதுண்டு. அது இல்லாத தொகுதிக்குப் பாதி விலைகூடத் தரவேண்டாம். அட்டையோரத்தில் பொடி உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. மற்ற புத்தகங்களோடு அடுக்கும்முன் இரண்டு வாரமாவது தனியே வைத்து, தாளைப் புரட்டிப் பாருங்கள்.

விலை கட்டுப்படியாகாவிட்டால் சென்னையில் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். போகும்முன் நூற்பெயர், தொகுதி எண், தேடும் சொல் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். சில நூல்களை அடுக்கிலிருந்து எடுத்துத்தர நேரமாகும், ஆகவே முற்பகலிலேயே சீட்டைக் கொடுத்துவிடுவது நல்லது.